எஃப்.ஏ. கோப்பைக்குள் ஒரு குட்டி கிளப் நுழைவது எப்படி? மறுஆட்டத்தை நிறுத்தியதால் யாருக்கு நஷ்டம்?

இங்கிலாந்தில் மேக்கிள்ஸ்ஃபீல்டு என்று ஒரு ஊர். மான்செஸ்டருக்குத் தெற்கே இருக்கிற சின்ன நகரம். 2026 ஜனவரி 10-ஆம் தேதி வரை அந்த ஊர்ப் பெயரை நம்மில் பெரும்பாலானோர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அன்று அந்த ஊர் கால்பந்து அணி, எஃப்.ஏ. கோப்பையின் நடப்பு சாம்பியனான கிரிஸ்டல் பேலஸை 2-1 என்று தோற்கடித்து வெளியே அனுப்பியது.

பேலஸ், பிரீமியர் லீக் அணி. அதாவது முதல் அடுக்கு. மேக்கிள்ஸ்ஃபீல்டு ஆறாவது அடுக்கில் விளையாடும் அணி. இரண்டுக்கும் நடுவே 117 இடங்கள் வித்தியாசம். நடப்பு சாம்பியனை லீக் அமைப்புக்கு வெளியே இருக்கும் ஓர் அணி வீழ்த்துவது 1909-க்குப் பிறகு இதுதான் முதல் முறை. 1909-ல் அப்படி வீழ்த்திய அணி எது தெரியுமா? இதே கிரிஸ்டல் பேலஸ்தான். அப்போது அவர்கள்தான் குட்டி அணி.

இன்னொரு விஷயமும் இருக்கு. பழைய மேக்கிள்ஸ்ஃபீல்டு டவுன் கிளப் கடன் தொல்லையால் 2020-ல் நீதிமன்ற உத்தரவுப்படி இழுத்து மூடப்பட்டது. அதே மைதானத்தில், புதுப் பெயரில், ஒன்பதாவது அடுக்கிலிருந்து மறுபடியும் தொடங்கிய கிளப்தான் இது.

இந்த முடிவு வந்ததும் பலருக்கு வந்த கேள்வி: ஆறாவது அடுக்கு அணி எப்படி பிரீமியர் லீக் அணியோடு மோதுகிறது? யார் வேண்டுமானாலும் இந்தக் கோப்பையில் விளையாடலாமா? அதோடு ஒட்டிய இன்னொரு கேள்வி இரண்டு ஆண்டுகளாக இங்கிலாந்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. டிரா ஆனால் மறுஆட்டம் என்ற பழைய விதியை எடுத்துவிட்டார்களே, அது சரியா? இரண்டையும் பார்ப்போம்.

லீக் வேறு, கோப்பை வேறு

முதலில் ஒரு சின்ன அடிப்படை. லீக் என்றால் எல்லா அணியும் எல்லா அணியோடும் மோதும், புள்ளிகள் சேரும், சீசன் முடிவில் அதிகப் புள்ளி எடுத்தவர் சாம்பியன். பிரீமியர் லீக் அப்படித்தான். கோப்பை என்றால் நாக்-அவுட். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நம்ம ஊர் கோடை விடுமுறை டோர்னமென்ட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்.ஏ. கோப்பைதான் உலகிலேயே பழமையான தேசியக் கால்பந்துக் கோப்பை. 1871-72 சீசனில் தொடங்கியது. கால்பந்துச் சங்கத்தின் செயலாளராக இருந்த சார்லஸ் ஆல்காக், தான் படித்த ஹாரோ பள்ளியில் விடுதிகளுக்கு இடையே நடந்த நாக்-அவுட் போட்டியை மனதில் வைத்து இந்த யோசனையைச் சொன்னார். முதல் ஆண்டு பெயர் கொடுத்தவை வெறும் 15 கிளப்புகள். 1872 மார்ச் 16-ஆம் தேதி கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டியில் வாண்டரர்ஸ் அணி, ராயல் இன்ஜினியர்ஸ் அணியை 1-0 என்று வென்றது. ஆமாம், இன்றைக்கு டெஸ்ட் கிரிக்கெட் நடக்கிற அதே ஓவல்தான்.

இன்று 740-க்கும் மேற்பட்ட கிளப்புகள் ஒவ்வொரு சீசனும் விளையாடுகின்றன.

யாருக்கெல்லாம் அனுமதி?

இங்கிலாந்து கால்பந்தை ஒரு பிரமிடு என்று சொல்வார்கள். உச்சியில் பிரீமியர் லீக், 20 அணிகள். அதன் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ. ஒவ்வொன்றிலும் 24 அணிகள். இந்த நான்கு அடுக்கிலும் சேர்த்து 92 கிளப்புகள். ஐந்தாவது அடுக்கு நேஷனல் லீக். அதற்குக் கீழே போகப் போக வட்டார லீக்குகளாகப் பிரிந்து அகலமாகிக்கொண்டே போகும். வேலைக்குப் போய்விட்டு சாயந்திரம் பயிற்சிக்கு வரும் வீரர்கள்தான் அங்கே அதிகம்.

மேலே இருக்கிற 92 கிளப்புகளும் கோப்பையில் இருந்தே தீரும். அவற்றுக்குக் கீழே ஒன்பதாவது அடுக்கு வரை இருக்கிற கிளப்புகள் விண்ணப்பிக்கலாம். காலியிடம் மிச்சமிருந்தால் பத்தாவது அடுக்கிலிருந்தும் சில அணிகளுக்கு வாய்ப்பு கிடைக்கும்.

ஆனா விண்ணப்பித்தால் மட்டும் போதாது. மைதானம் கால்பந்துச் சங்கம் வகுத்த தரத்தில் இருக்க வேண்டும். இரவு ஆட்டத்துக்கு விளக்குக் கம்பங்கள், சுற்றுவேலி, உடை மாற்றும் அறை, பார்வையாளர் இடம் என்று பட்டியல் இருக்கிறது. கீழ் அடுக்குக் கிளப்புகளுக்கு உண்மையான தடை விளையாட்டுத் திறமை இல்லை, இந்த விளக்குக் கம்பம்தான் என்று சொன்னால் தப்பில்லை.

ஒரே கோப்பை, ஆனால் எல்லோரும் ஒரே நாளில் தொடங்குவதில்லை

இங்கேதான் பலருக்குக் குழப்பம். 740 அணிகளும் ஒரே நாளில் களமிறங்காது. கீழ் அடுக்கு முதலில், மேல் அடுக்கு கடைசியில். படிக்கட்டில் ஒவ்வொரு படியிலும் புதிதாகச் சிலர் வந்து சேர்ந்துகொள்வது போல.

ஆகஸ்ட் தொடக்கத்தில், பிரீமியர் லீக் தொடங்குவதற்கு முன்பே, ஒன்பதாவது அடுக்கு அணிகள் 'கூடுதல் ஆரம்பச் சுற்று' என்ற முதல் படியில் மோதும். அதன்பின் ஆரம்பச் சுற்று. அதன்பின் நான்கு தகுதிச் சுற்றுகள். ஆக மொத்தம் ஆறு கட்டங்கள். ஆறாவது அடுக்கு அணிகள் இரண்டாம் தகுதிச் சுற்றில் வந்து சேரும். ஐந்தாவது அடுக்கான நேஷனல் லீக் அணிகள் நான்காம் தகுதிச் சுற்றில் சேரும். நீண்ட பயணச் செலவு வேண்டாம் என்பதால் இந்தக் கட்டங்களில் பக்கத்துப் பக்கத்து ஊர் அணிகளாகப் பார்த்துத்தான் மோதவிடுவார்கள்.

இந்த ஆறு கட்டங்களையும் தாண்டி மிஞ்சுவது 32 அணிகள். இவை நவம்பர் மாத முதல் சுற்றுக்குப் போகும். அங்கே லீக் ஒன், லீக் டூ அணிகள் 48 காத்திருக்கும். 32-ம் 48-ம் சேர்ந்தால் 80. முதல் சுற்று முடிந்தால் 40, இரண்டாம் சுற்று முடிந்தால் 20. ஜனவரியில் மூன்றாம் சுற்று. பிரீமியர் லீக்கின் 20, சாம்பியன்ஷிப்பின் 24 என்று 44 பெரிய அணிகள் அப்போதுதான் உள்ளே வரும். 20-ம் 44-ம் சேர்ந்து 64. அதன்பிறகு கணக்கு சுலபம்: 32, 16, 8, 4, 2.

அப்படின்னா ஒரு பிரீமியர் லீக் அணிக்குக் கோப்பை வெல்ல 6 ஆட்டங்களில் ஜெயித்தால் போதும். ஒன்பதாவது அடுக்கு அணி ஒன்று வெல்ல வேண்டுமென்றால் 14 ஆட்டங்களில் ஜெயிக்க வேண்டும். மேக்கிள்ஸ்ஃபீல்டு இரண்டாம் தகுதிச் சுற்றில் தொடங்கி, ஐந்து கட்டங்களைத் தாண்டித்தான் பேலஸை வரவேற்றது. பேலஸுக்கு அது அந்த சீசனின் முதல் எஃப்.ஏ. கோப்பை ஆட்டம்.

இது சமமான போட்டியா? இல்லை. ஆனால் யாருக்கும் கதவு பூட்டப்படவில்லை. சிலருக்கு வாசல் வரை நடக்க வேண்டிய தூரம் அதிகம், அவ்வளவுதான்.

இன்னொரு முக்கியமான விஷயம் குலுக்கல். முதல் சுற்றிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே குலுக்கல். தரவரிசை பார்த்துப் பெரிய அணிகளைப் பிரித்து வைக்கும் பழக்கம் இங்கே கிடையாது. பெட்டியிலிருந்து முதலில் எந்த எண் வருகிறதோ அந்த அணிக்குச் சொந்த மைதானம். அதனால்தான் மூன்றாம் சுற்றில் லிவர்பூலும் மான்செஸ்டர் சிட்டியும் மோதவும் வாய்ப்பு உண்டு. ஒரு பெயிண்டரும் பள்ளி ஆசிரியரும் விளையாடும் அணி டாட்டன்ஹாமை எதிர்கொள்ளவும் வாய்ப்பு உண்டு.

2021-ல் அதுதான் நடந்தது. எட்டாவது அடுக்கு அணியான மரீன், தன் சொந்த மைதானத்தில் டாட்டன்ஹாமைச் சந்தித்தது. இரண்டுக்கும் 161 இடங்கள் வித்தியாசம். கோப்பை வரலாற்றிலேயே மிகப் பெரிய இடைவெளி. முடிவு 0-5. ஆனால் கொரோனா காலம், மைதானத்துக்குள் ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. டிக்கெட் வருமானம் போச்சே என்று கிளப் கவலைப்பட்டபோது, 10 பவுண்டு விலையில் 'மெய்நிகர் டிக்கெட்' விற்றார்கள். வந்து உட்கார முடியாது, சும்மா ஓர் ஆதரவுக்கு வாங்குவது. 30,697 டிக்கெட்டுகள் விற்றன. டாட்டன்ஹாம் பயிற்சியாளர் மொரினியோவும் ஒன்று வாங்கினார்.

தோற்ற அணிக்கு மூன்று லட்சம் பவுண்டுக்கு மேல் வருமானம். இந்த இடத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மறுஆட்டச் சண்டையின் மையமே இதுதான்.

மறுஆட்டம் என்றால் என்ன?

கோப்பை ஆட்டம் 90 நிமிடத்தில் டிரா ஆனால் என்ன செய்வது? இன்று கூடுதலாக 30 நிமிடம், அப்போதும் முடிவு வரவில்லை என்றால் பெனால்டி ஷூட் அவுட். ஆனால் எஃப்.ஏ. கோப்பையில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வேறு வழக்கம் இருந்தது. டிரா ஆனால் வேறொரு நாள், எதிரணியின் மைதானத்தில், மறுபடி விளையாடுவார்கள். அதுவும் டிரா ஆனால்? மறுபடியும். 1971-ல் ஆல்வ்சர்ச், ஆக்ஸ்ஃபோர்டு சிட்டி என்ற இரண்டு சின்ன அணிகள் ஒரு தகுதிச் சுற்று ஆட்டத்தை ஆறு முறை விளையாடின. மொத்தம் 11 மணி நேரம்! ஆறாவது ஆட்டத்தில் ஒரே ஒரு கோல் போட்டு ஆல்வ்சர்ச் தப்பித்தது.

முடிவில்லாமல் இழுக்கும் அந்த வழக்கத்தை 1990-களின் தொடக்கத்தில் நிறுத்தி, ஒரே ஒரு மறுஆட்டம் என்று ஆக்கினார்கள். அதன்பிறகு மேலிருந்து கீழாக ஒவ்வொரு கட்டமாக வெட்டினார்கள். 1999-க்குப் பின் அரையிறுதியில் மறுஆட்டம் இல்லை. பிறகு காலிறுதியில் இல்லை. அப்புறம் ஐந்தாம் சுற்றில் இல்லை. கடைசியாக 2024 ஏப்ரலில் ஓர் அறிவிப்பு வந்தது: 2024-25 சீசனிலிருந்து முதல் சுற்று தொடங்கி எந்தச் சுற்றிலும் மறுஆட்டம் கிடையாது.

இந்த முடிவு, கால்பந்துச் சங்கமும் பிரீமியர் லீக்கும் செய்துகொண்ட ஆறு ஆண்டு ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ ஆகிய மூன்று லீக்குகளை நடத்தும் இ.எஃப்.எல். அமைப்போ, எங்களிடம் கேட்கவே இல்லை என்று வெளிப்படையாகக் கோபப்பட்டது. அது நியாயமான கோபம்தான். 740 அணிகள் விளையாடும் கோப்பையின் விதியை 20 அணிகளின் அமைப்போடு உட்கார்ந்து பேசி முடித்துவிட்டு, மற்றவர்களுக்குத் தகவல் மட்டும் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஏன் நிறுத்தினார்கள்?

பெரிய கிளப்புகள் சொல்லும் காரணம் நேரமின்மை. 2024-ல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கின் வடிவம் மாறியது. முன்பு குழுச் சுற்றில் 6 ஆட்டங்கள், இப்போது லீக் கட்டத்தில் 8 ஆட்டங்கள். 2025-ல் கிளப் உலகக் கோப்பையும் 32 அணிகளாகப் பெருத்தது. வீரர்களின் உடம்பு தாங்காது, நாட்காட்டியில் ஒரு புதன்கிழமைகூட மிச்சமில்லை என்கிறார்கள்.

இதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு நெருடல்: நாட்காட்டியை நிரப்பியது குட்டி கிளப்புகள் இல்லை. ஐரோப்பியப் போட்டிகளும் உலகப் போட்டிகளும் பெருகியதற்கான விலையை, அவற்றில் ஒருபோதும் விளையாடப் போகாத அணிகள் கட்டுகின்றன.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் கோப்பைக்குச் சாதகமான அம்சங்களும் உண்டு. வார நாளுக்குத் தள்ளப்பட்டிருந்த ஐந்தாம் சுற்று மறுபடி வார இறுதிக்கு வந்தது. இறுதிப் போட்டி நடக்கும் சனிக்கிழமை பிரீமியர் லீக் ஆட்டம் எதுவும் இல்லை என்று முடிவானது. அடித்தட்டுக் கால்பந்துக்கு ஆண்டுக்கு 3.3 கோடி பவுண்டு வரை கூடுதலாகத் தர பிரீமியர் லீக் ஒப்புக்கொண்டது. கால்பந்துச் சங்கத்தின் வாதம் இதுதான்: யாரோ ஒன்றிரண்டு கிளப்புக்கு அதிர்ஷ்டத்தில் கிடைக்கும் மறுஆட்ட வருமானத்தைவிட, எல்லோருக்கும் பிரித்துத் தரப்படும் நிதி மேல்.

கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 'அதிர்ஷ்டம்' ஒரு கிளப்புக்கு என்ன செய்தது என்று பார்த்தால் வேறு கதை தெரியும்.

எக்ஸிட்டர் சிட்டி தப்பித்த கதை

தென்மேற்கு இங்கிலாந்தில் இருக்கிறது எக்ஸிட்டர். 2003-ல் அந்த ஊர் கிளப் நான்காவது அடுக்கிலிருந்து ஐந்தாவது அடுக்குக்கு இறங்கியது. கழுத்து வரை கடன். ரசிகர்களே ஒரு அறக்கட்டளை அமைத்துக் கிளப்பைக் கையில் எடுத்தார்கள். கடன்காரர்களோடு தவணை ஒப்பந்தம் போட்டு, மாதா மாதம் தடுமாறிக்கொண்டிருந்தார்கள்.

2005 ஜனவரியில் மூன்றாம் சுற்றுக் குலுக்கலில் வந்தது மான்செஸ்டர் யுனைடெட். அதுவும் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில். 67,551 பேர் பார்த்த ஆட்டத்தில் எக்ஸிட்டர் 0-0 என்று டிரா செய்தது. மறுஆட்டம் எக்ஸிட்டர் ஊரில். யுனைடெட் 2-0 என்று வென்றது. கோல் போட்டவர்கள் ஒரு பத்தொன்பது வயதுப் பையனும் இன்னொரு பத்தொன்பது வயதுப் பையனும்: கிறிஸ்டியானோ ரொனால்டோ, வேய்ன் ரூனி.

எக்ஸிட்டர் தோற்றது. ஆனால் இரண்டு ஆட்டங்களின் டிக்கெட் பங்கும் தொலைக்காட்சிப் பணமும் சேர்ந்து பல லட்சம் பவுண்டு கைக்கு வந்தது. கடனைத் தீர்க்க அது பெரிய கை கொடுத்தது. மூன்றே ஆண்டில், 2008-ல், கிளப் மறுபடி நான்காவது அடுக்குக்கு ஏறியது. கிளப் இன்றும் ரசிகர்களின் அறக்கட்டளை கையில்தான் இருக்கிறது.

டிக்கெட் பங்கு எப்படி? முதல் சுற்றிலிருந்து செலவு போக மீதியில் சொந்த மைதான அணிக்கு 45 சதவீதம், வந்த அணிக்கு 45 சதவீதம், 10 சதவீதம் பொது நிதிக்கு. லீக் ஆட்டத்தில் இப்படிப் பங்கு கிடையாது. யாருடைய மைதானமோ அவர்களுக்கே வசூல். கோப்பையில் மட்டும்தான் பெரிய மைதானத்தின் வசூலில் குட்டி அணிக்குச் சரிபாதி உரிமை.

டாம்வொர்த்: 90-ஆவது நிமிடத்தில் கைநழுவியது

இப்போது 2025 ஜனவரி 12-க்கு வருவோம். மறுஆட்டம் ஒழிந்த பிறகு வந்த முதல் மூன்றாம் சுற்று. ஐந்தாவது அடுக்கு அணியான டாம்வொர்த், நாலாயிரம் பேர்கூட அமர முடியாத தன் மைதானத்தில் டாட்டன்ஹாமைச் சந்தித்தது. செயற்கைப் புல்தரை. ஆட்டம் தொடங்கும் முன்பு கோல் வலையில் ஓட்டை இருந்ததால் அதைக் கட்டிச் சரிசெய்ய நேரமாகி, ஆட்டமே தாமதமாகத் தொடங்கியது. கோல் கீப்பர் ஜஸ் சிங், இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவர். அவருடைய வார நாள் வேலை கட்டட ஆய்வு.

90 நிமிடம் முடிந்தபோது 0-0.

பழைய விதி இருந்திருந்தால் விசில் ஊதியதும் டாம்வொர்த் வீரர்கள் கொண்டாடியிருப்பார்கள். மறுஆட்டம் லண்டனில், 62,000-க்கும் மேற்பட்டோர் அமரும் டாட்டன்ஹாம் மைதானத்தில் நடந்திருக்கும். சும்மா ஒரு கணக்குக்கு, 50,000 பேர் ஆளுக்கு 20 பவுண்டு கொடுத்து வந்தால் 10 லட்சம் பவுண்டு. செலவைக் கழிக்காமல் பார்த்தால் டாம்வொர்த்தின் 45 சதவீதப் பங்கு 4.5 லட்சம் பவுண்டு. நம்ம பணத்தில் சுமார் 5 கோடி ரூபாய். தொலைக்காட்சிப் பணம் தனி. ஐந்தாவது அடுக்கில் அது பல மாதச் சம்பளம்.

ஆனால் புதிய விதிப்படி கூடுதல் நேரம். பகுதி நேர வீரர்களின் கால்கள் சோர்ந்துபோயிருந்தன. டாட்டன்ஹாம் பெஞ்சிலிருந்து சர்வதேச வீரர்கள் இறங்கினார்கள். அடுத்த 30 நிமிடத்தில் மூன்று கோல். 0-3.

இதில்தான் எனக்கு அந்த 'வீரர்களின் உடல்நலம்' வாதம் கொஞ்சம் இடிக்கிறது. கூடுதல் நேரம் என்பதும் உடலுக்குச் சுமைதான். அந்தச் சுமையை மாற்று வீரர்கள் நிறைந்த அணி சுலபமாகத் தாங்கும். மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டிய அணி தாங்காது.

அதே டாம்வொர்த்துக்குப் புதிய விதி உதவியும் செய்தது என்பதை மறைக்கக் கூடாது. முந்தைய சுற்றில் லீக் ஒன் அணியான பர்ட்டன் ஆல்பியனோடு 1-1 டிரா. மறுஆட்டம் இல்லாததால் நேராகக் கூடுதல் நேரம், பெனால்டி. அதில் டாம்வொர்த் ஜெயித்தது. பழைய விதிப்படி பர்ட்டனோடு மறுபடி விளையாடி வெளியே போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதாவது ஒரே நாளில் முடிவு என்றால் அதிர்ச்சித் தோல்விகளுக்கு வாய்ப்பு கூடலாம். மேக்கிள்ஸ்ஃபீல்டு ஆட்டத்தில்கூட 90 நிமிடத்திலேயே வேலை முடிந்தது. மறுஆட்டத்தால் ஜெயித்த குட்டி அணிகளும் இருக்கின்றன. 2017-ல் லீக்குக்கு வெளியே இருந்த லிங்கன் சிட்டி, இப்ஸ்விச்சோடு 2-2 டிரா செய்து, சொந்த ஊர் மறுஆட்டத்தில் 1-0 என்று வென்று, அங்கிருந்து காலிறுதி வரை போனது. லீக்குக்கு வெளியே இருக்கும் அணி ஒன்று காலிறுதிக்குப் போனது 1914-க்குப் பிறகு அதுவே முதல் முறை.

ஆக, ஆட்ட முடிவைப் பொறுத்தவரை மறுஆட்டம் யாருக்குச் சாதகம் என்பது இரண்டு பக்கமும் வாதாடக்கூடியது. பணத்தைப் பொறுத்தவரை வாதாடவே தேவையில்லை. இழந்தவர்கள் குட்டி கிளப்புகள்தான். தகுதி பெறும் வழியில் யாரும் கை வைக்கவில்லை, 740 அணிகளும் இன்றும் உள்ளே வரலாம். உள்ளே வந்து பெரிய அணியைத் தடுத்து நிறுத்துபவருக்குக் கிடைத்துவந்த கூலியில்தான் கை வைத்திருக்கிறார்கள்.

சொல்லப்போனால் மறுஆட்டப் பிரச்னை கோப்பை பிறந்த ஆண்டிலேயே இருந்தது. 1872 அரையிறுதியில் ஸ்காட்லாந்தின் குயின்ஸ் பார்க் அணி வாண்டரர்ஸோடு டிரா செய்தது. மறுஆட்டத்துக்காக லண்டனில் தங்கவோ திரும்பி வரவோ கையில் காசு இல்லாமல் போட்டியிலிருந்தே விலகியது. அன்று மறுஆட்டம் நடத்தினால் ஏழை அணிக்குச் செலவு. இன்று நடத்தினால் வரவு. டிக்கெட் விலையும் தொலைக்காட்சியும் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டன.

ஜெயித்தால் என்ன கிடைக்கும்?

இறுதிப் போட்டியில் வெல்லும் அணிக்குச் சுமார் 20 லட்சம் பவுண்டு. பிரீமியர் லீக் அணிக்கு இது பெரிய தொகையே இல்லை; நடுத்தர வீரர் ஒருவரின் சில மாதச் சம்பளம். அவர்களுக்கு முக்கியம், கோப்பையோடு வரும் ஐரோப்பா லீக் இடம்.

அந்த இடமும் உறுதி இல்லை என்பதைக் கிரிஸ்டல் பேலஸ் கசப்பாகக் கற்றுக்கொண்டது. 2025 மே 17 இறுதிப் போட்டியில் எபரேச்சி எஸே அடித்த ஒரே கோலில் மான்செஸ்டர் சிட்டியை வீழ்த்தி, தன் வரலாற்றிலேயே முதல் பெரிய கோப்பையை வென்றது பேலஸ். ஆனால் பேலஸில் பெரிய பங்கு வைத்திருந்த ஜான் டெக்ஸ்டரிடம் பிரான்ஸின் லியோன் கிளப்பும் இருந்தது. ஒரே உரிமையாளரின் இரண்டு கிளப்புகள் ஒரே ஐரோப்பியப் போட்டியில் விளையாடக் கூடாது என்பது யூஇஎஃப்ஏ விதி. பேலஸ் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்குக்கு இறக்கப்பட்டது. விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றத்தில் செய்த முறையீடும் எடுபடவில்லை. ஐரோப்பா லீக் இடம் நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்குப் போனது.

இந்தியாவில் இப்படி ஒரு கோப்பை உண்டா?

உண்டு, ஆனால் வாசல் குறுகல். 1977-ல் தொடங்கி 2017 வரை நடந்தது ஃபெடரேஷன் கோப்பை. 2018 முதல் அந்த இடத்தில் சூப்பர் கோப்பை. முதல் ஆண்டு பெங்களூரு எஃப்.சி. வென்றது. 2019 இறுதிப் போட்டி வரை வந்த சென்னையின் எஃப்.சி., கோவாவிடம் 1-2 என்று தோற்றது.

சூப்பர் கோப்பையில் விளையாடுவது பெரும்பாலும் ஐ.எஸ்.எல். அணிகள். மிச்சமிருக்கும் சில இடங்கள் ஐ-லீக் அணிகளுக்கு. 2025 அக்டோபரில் கோவாவில் தொடங்கிய தொடரில் மொத்தமே 16 அணிகள், அதுவும் முதலில் குழுச் சுற்று. டிசம்பரில் நடந்த இறுதிப் போட்டியில் ஈஸ்ட் பெங்காலை பெனால்டியில் வென்று எஃப்.சி. கோவா கோப்பையைத் தக்கவைத்தது.

பரிசு சாதாரணமானது இல்லை. ஆசிய சாம்பியன்ஸ் லீக் டூ போட்டிக்கான வழி இந்தக் கோப்பையில் இருக்கிறது. 2025 மே மாதம் கோப்பையை வென்ற கோவா, ஓமனின் அல் சீப் அணியைத் தகுதி ஆட்டத்தில் தோற்கடித்துப் பிரதானச் சுற்றுக்குப் போனது. அதனால்தான் அல் நாசர் அணி அக்டோபரில் கோவாவின் ஃபத்தோர்டா மைதானத்துக்கு வந்து விளையாடியது. ரொனால்டோ வரவில்லை என்பது ரசிகர்களுக்குப் பெரிய ஏமாற்றம். கோவா 1-2 என்று போராடித்தான் தோற்றது.

ஆனால் சென்னை சீனியர் டிவிஷனில் விளையாடும் ஒரு கிளப் இந்தக் கோப்பைக்குள் வர என்ன வழி? அந்த சீசனிலேயே வர வழி இல்லை. கோப்பைக்கென்று கீழிருந்து தகுதிச் சுற்று கிடையாது. மாநிலச் சங்கம் பரிந்துரைத்து ஐ-லீக் 3-க்குப் போக வேண்டும். அதில் மேலே வந்து ஐ-லீக் 2, அங்கேயும் ஜெயித்து ஐ-லீக், அங்கே முன்னணி இடம். எல்லாம் நல்லபடியாக நடந்தாலே மூன்று சீசன்.

இங்கிலாந்து மாதிரி இங்கேயும் 700 அணிகளை விளையாட வைக்க முடியாது என்பது புரிகிறது. இங்கிலாந்தில் தகுதிச் சுற்றுக்கு ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம் போதும். இங்கே சென்னையிலிருந்து ஐஸ்வாலுக்கு விமானத்தில் போக வேண்டும், அதற்கான செலவை யார் தருவது என்று தெரியாது. ஆனால் முதல் கட்டங்களை மாநிலத்துக்குள்ளேயே நடத்தி, மாநிலத்துக்கு ஓர் அணி, அப்புறம் மண்டலத்துக்கு ஓர் அணி என்று தேர்ந்தெடுக்கப் பெரிய செலவு ஆகாது. ஃபெடரேஷன் கோப்பை காலத்தில் சில ஆண்டுகள் தகுதிச் சுற்று நடந்த முன்னுதாரணமும் இருக்கிறது. 16 இடங்களில் இரண்டை அப்படி வருபவர்களுக்கு ஒதுக்கினால்கூட, மேக்கிள்ஸ்ஃபீல்டு போல ஐந்து ஆட்டங்களில் ஜெயித்துச் சென்னையின் எஃப்.சி.யையோ மோகன் பகானையோ சந்திக்கும் வாய்ப்பு ஒரு மாவட்ட அணிக்கும் வரும்.